நட்பு ஆட்டம் எதற்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். கிளப் ஆட்டங்கள் நின்று நாட்டு அணிகள் ஆடும் வாரம் வந்தாலே பிள்ளைகளும், அவர்களைக் கூட்டிவரும் அப்பாக்களும், கூடவே என் பழைய டீம் நண்பர்களும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, கீழே பதில் கொடுத்திருக்கிறேன். எனக்கு நட்பு ஆட்டங்கள் பிடிக்கும். அது பதில்களில் தெரிந்தால் தெரியட்டும்.

ஃப்ரெண்ட்லின்னா சும்மா விளையாடுறதா? அதுக்கு நடுவர், ரூல்ஸ் எல்லாம் உண்டா?

எல்லாம் உண்டு. இரண்டு நாடுகளின் கால்பந்துச் சங்கங்கள் பேசி முடிவு செய்து, எந்தக் கோப்பைக்கும் தகுதிச்சுற்றுக்கும் சேராமல் ஆடும் ஆட்டம் நட்பு ஆட்டம். 90 நிமிடம், முறையான நடுவர்கள், தேசிய கீதம் எல்லாம் மற்ற ஆட்டங்களைப் போலத்தான். சமனில் முடிந்தால் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவார்கள்.

சொல்லப்போனால் நாடுகளுக்கிடையிலான கால்பந்தே நட்பு ஆட்டமாகத்தான் தொடங்கியது. 1872 நவம்பர் 30 அன்று கிளாஸ்கோவில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் மோதின. ஒரு கோலும் விழவில்லை. உலகக் கோப்பை பிறக்க அதற்குப் பிறகு 58 ஆண்டுகள் ஆயின.

கப்பு இல்ல, பாயின்ட் டேபிள் இல்ல. அப்புறம் எதுக்குண்ணே ஆடுறாங்க?

நாட்டு அணியின் பயிற்சியாளர் கையில் வீரர்கள் ஆண்டு முழுக்க இருப்பதில்லை. மார்ச், ஜூன், செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மாதங்களில் சில நாள் கிடைப்பார்கள், மற்ற நாளெல்லாம் கிளப்பில்தான். உலகக் கால்பந்தை நிர்வகிக்கும் ஃபிஃபா ஒதுக்கிய அந்த நாட்களில் வீரரை அனுப்ப மாட்டேன் என்று கிளப் சொல்ல முடியாது. அதற்கு வெளியே, பெரிய தொடர்கள் தவிர, அனுப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. 2026 முதல் செப்டம்பரையும் அக்டோபரையும் ஒரே நீண்ட இடைவேளையாகச் சேர்த்துவிட்டார்கள்.

அந்தச் சில நாளில் புதுப் பையனைப் பார்க்க வேண்டும், பழைய வீரரை வேறு இடத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். தகுதிச்சுற்றில் இதைச் செய்து தோற்றால் உலகக் கோப்பையே போய்விடும். தப்பாகச் செய்துபார்த்து, தப்பு என்று தெரிந்துகொள்ளப் பயிற்சியாளருக்கு இருக்கும் ஒரே இடம் நட்பு ஆட்டம். ஒரு நட்பு ஆட்டம் முடிந்ததும் "யார் ஜெயிச்சா?" என்பதைவிட "என்ன முயற்சி பண்ணாங்க?" என்று கேளுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இதுல அடிச்ச கோல் வீரரோட கணக்குல சேருமா?

சேரும். இரண்டு நாடுகளின் முதன்மை அணிகள் விதிப்படி ஆடியிருந்தால் ஆட்டமும் கணக்கில் வரும், கோலும் வரும். இந்திய அணியின் சுனில் சேத்ரி நாட்டுக்காக அடித்த 95 கோல்களில் நட்பு ஆட்டக் கோல்களும் இருக்கின்றன. 95-ஆவது கோலே 2025 மார்ச் 19 அன்று ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிரான நட்பு ஆட்டத்தில் வந்ததுதான்.

டீமையே மாத்திடுறாங்களே, எத்தனை பேரை வேணா இறக்கலாமா?

ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 2003 பிப்ரவரி 12 அன்று லண்டன் அப்டன் பார்க்கில் இங்கிலாந்து ஆஸ்திரேலியாவுடன் ஆடியது. பாதி ஆட்டத்தில் 0-2 என்று பின்தங்கியிருந்தபோது பயிற்சியாளர் எரிக்சன் பதினொரு பேரையும் வெளியே எடுத்துவிட்டு வேறு பதினொரு பேரை இறக்கினார். முடிவில் ஆஸ்திரேலியா 3-1 என்று வென்றது. காசு கொடுத்து வந்த ரசிகர்கள் கொதித்தார்கள். அடுத்த ஆண்டே ஃபிஃபா, நாட்டு அணிகளின் நட்பு ஆட்டத்துக்கு ஆறு மாற்று வீரர்கள் என்று வரம்பு வைத்தது. அனுமதித்த எண்ணிக்கையைத் தாண்டினால் அந்த ஆட்டம் முழுமையான சர்வதேச ஆட்டமாகப் பதிவாகாது.

ஆனால் கேலிக்கூத்து என்று எல்லோரும் திட்டிய அதே ஆட்டத்தில்தான் 17 வயது வேய்ன் ரூனி முதல்முறை இங்கிலாந்துச் சட்டை போட்டார். அடுத்த ஆண்டு, ஐரோப்பிய நாடுகளின் கோப்பையான யூரோ 2004-இல் நான்கு கோல் அடித்தார். அந்த 1-3 தோல்வி இன்று யாருக்கு வலிக்கிறது?

ஃபிஃபா ரேங்கிங்குல ஃப்ரெண்ட்லிக்கு மதிப்பு இருக்கா இல்லையா?

இருக்கிறது, குறைவாக. 2018 ஆகஸ்டிலிருந்து இருக்கும் முறையில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஓர் எடை உண்டு. ஒதுக்கிய நாட்களுக்கு வெளியே ஆடும் நட்பு ஆட்டத்துக்கு 5, அந்த நாட்களுக்குள் ஆடினால் 10. தகுதிச்சுற்றுக்கு 25. உலகக் கோப்பையில் தொடக்கச் சுற்றுகளுக்கு 50, காலிறுதியிலிருந்து 60.

கணக்கு இப்படி: சம புள்ளி உள்ள இரண்டு அணிகள் ஒதுக்கிய நாளில் நட்பு ஆட்டம் ஆடினால், வென்றவருக்கு 5 புள்ளி ஏறும், தோற்றவருக்கு 5 இறங்கும். ஓர் அணி 200 புள்ளி மேலே இருந்தால், அது வென்றாலும் 3 புள்ளிதான் கிடைக்கும், தோற்றால் 7 போகும். சமனில் முடிந்தாலும் 2 புள்ளியை இழக்கும். சொந்த மைதானமா, எத்தனை கோல் வித்தியாசம் என்பதெல்லாம் இதில் சேராது. ஏழு கோல் அடித்தாலும் ஒரு கோல் அடித்தாலும் ஒன்றுதான். அதே சின்ன அணி அதே பெரிய அணியை உலகக் கோப்பைக் குழுச்சுற்றில் வீழ்த்தினால் 34 புள்ளி அள்ளும்.

ஃப்ரெண்ட்லி ஆடாம வீட்ல உட்கார்ந்தா ரேங்க் ஏறும்னு சொல்றாங்களே, நிஜமா?

இப்போது இல்லை. 2018-க்கு முன் நிஜம். பழைய முறை சராசரிக் கணக்கு. நட்பு ஆட்டத்தில் வென்றாலும் அதிகபட்சம் 600 புள்ளி அளவுக்குத்தான் கிடைக்கும். உங்கள் சராசரி அதைவிட அதிகமாக இருந்தால், வெற்றியே சராசரியைக் கீழே இழுத்துவிடும்.

போலந்து இதைச் சரியாகப் பிடித்தது. 2016 நவம்பரில் ஸ்லோவேனியாவுடன் ஆடியபின், உலகக் கோப்பைக் குலுக்கலுக்கான 2017 அக்டோபர் தரவரிசை வரும்வரை ஒரு நட்பு ஆட்டம்கூட ஆடவில்லை. தரவரிசையில் 6-ஆம் இடம். குழு பிரிக்கும் குலுக்கலில் பலமான அணிகளை ஒரே குழுவில் விழாமல் பிரித்து வைக்கும் முதல் வரிசையில், ஜெர்மனி, பிரேசிலோடு போலந்து நின்றது. ஸ்பெயின் இரண்டாம் வரிசைக்குப் போனது. ஆனால் 2018 உலகக் கோப்பையில் செனகலிடமும் கொலம்பியாவிடமும் தோற்று, குழுவில் கடைசியாக வந்து ஊர் திரும்பினார்கள். நட்பு ஆட்டங்களைத் தவிர்த்ததால்தான் தோற்றார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. விதியில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தியதில் குற்றமும் இல்லை. விதிதான் தப்பு, அதை ஃபிஃபா திருத்தியது நல்லது.

ஃப்ரெண்ட்லில அசிங்கமா தோத்த டீம் பெரிய டோர்னமென்ட்ல என்னத்த கிழிக்கும்?

2006 மார்ச் 1, ஃப்ளாரன்ஸ். இத்தாலி 4, ஜெர்மனி 1. பயிற்சியாளர் க்ளின்ஸ்மனை விரட்ட வேண்டும் என்று ஜெர்மனியில் கூச்சல். மூன்று மாதம் கழித்து அதே அணி உலகக் கோப்பையில் மூன்றாம் இடம். அரையிறுதியில் அவர்களை 2-0 என்று வீழ்த்தியது யார்? அதே இத்தாலி. ஆக அந்த நட்பு ஆட்டம் பொய்யும் சொல்லியது, மெய்யும் சொல்லியது.

முழுக்க மெய் சொன்ன ஆட்டமும் உண்டு. 1953 நவம்பர் 25, வெம்ப்ளி. ஹங்கேரி 6, இங்கிலாந்து 3. ஹங்கேரியின் நடு முன்வரிசை வீரர் ஹிதெக்குட்டி முன்னால் நிற்காமல் நடுக்களத்துக்கு இறங்கி வந்தார். அவர் பின்னாலேயே போவதா, இடத்தைக் காப்பதா என்று இங்கிலாந்தின் தடுப்பாளருக்குப் புரியவில்லை. ஹிதெக்குட்டி முதல் நிமிடத்திலேயே கோல் போட்டார், மொத்தம் மூன்று. வெறும் ஒருநாள் சறுக்கல் என்று சொன்னவர்களுக்கு அடுத்த மே மாதம் புடாபெஸ்ட்டில் பதில் கிடைத்தது: 7-1. இரண்டுமே நட்பு ஆட்டங்கள். கால்பந்தைக் கண்டுபிடித்த நாடு தன் ஆட்டம் பழசாகிவிட்டதைத் தெரிந்துகொண்டது எந்தக் கோப்பையிலும் இல்லை, இந்த இரண்டு ஆட்டத்தில்.

போட்டி நடத்துற நாட்டுக்குத் தகுதிச்சுற்றே கிடையாதே, அவங்க எப்படித் தயாராவாங்க?

எனக்குப் பிடித்த கேள்வி. பெரும்பாலும் அவர்களுக்கு நட்பு ஆட்டம்தான் கதி. பழைய தரவரிசை முறையில் இதனால் அடியும் வாங்கினார்கள். 2013 ஜூனில் பிரேசில் 22-ஆம் இடத்துக்கு இறங்கியது. 2018-இல் ரஷ்யா 70-ஆம் இடத்தில் நின்றுகொண்டு உலகக் கோப்பையை நடத்தி, காலிறுதி வரை போனது.

நட்பு ஆட்டங்களாலேயே ஓர் அணி உடைந்து, மறுபடி கட்டப்பட்டதை முழுசாகப் பார்க்க வேண்டுமானால் யூரோ 2024-க்கு முந்தைய ஜெர்மனியைப் பாருங்கள். 2023 ஜூனில் உக்ரைனுடன் 3-3, போலந்திடம் 0-1, கொலம்பியாவிடம் 0-2. செப்டம்பர் 9 அன்று வோல்ஃப்ஸ்பர்க்கில் ஜப்பானிடம் 1-4. மறுநாளே பயிற்சியாளர் ஃப்ளிக்கை நீக்கினார்கள். ஜெர்மன் நாட்டு அணி வரலாற்றில் பதவியிலிருந்து நீக்கப்பட்ட முதல் பயிற்சியாளர் அவர். நட்பு ஆட்டத்துக்கு மதிப்பில்லை என்பவர்கள் அவரிடம் கேட்கலாம்.

அடுத்து வந்த நாகல்ஸ்மன் சும்மா இருக்கவில்லை. நவம்பரில் துருக்கிக்கு எதிராக, கோல் அடிக்கும் ஹாவெர்ட்ஸை இடது பின்வரிசையில் நிறுத்திப் பார்த்தார். 2-3 என்று தோல்வி. மூன்று நாள் கழித்து ஆஸ்திரியாவிடம் 0-2. அந்த ஆட்டத்தில் சானே சிவப்பு அட்டை வாங்கினார். பிறகு 2024 மார்ச்சில் பழக்கப்பட்ட பெரிய பெயர்கள் சிலரை விட்டுவிட்டு, 2021-இல் நாட்டு அணியிலிருந்து விலகியிருந்த டோனி க்ரோஸைத் திரும்ப அழைத்தார். இடது பின்வரிசைக்கு மிட்டெல்ஷ்டெட் என்ற புது ஆளை இறக்கினார். லியோனில் பிரான்ஸுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய ஏழாவது விநாடியில், க்ரோஸ் கொடுத்த பந்தை விர்ட்ஸ் கோலாக்கினார். 2-0 வெற்றி. மூன்று நாளில் நெதர்லாந்தையும் 2-1 என்று வென்றார்கள். ஜூனில் யூரோ தொடங்கியபோது ஸ்காட்லாந்தை 5-1 என்று நொறுக்கிய அணி, ஏறக்குறைய அந்த மார்ச் மாத அணிதான். காலிறுதியில், கோப்பையை வென்ற ஸ்பெயினிடம் கூடுதல் நேரத்தில்தான் தோற்றது. ஹாவெர்ட்ஸை அந்த இடத்தில் நிறுத்தியது சரிப்படவில்லை என்று நவம்பரிலேயே தெரிந்தது எவ்வளவு பெரிய லாபம்!

ஃப்ரெண்ட்லில ரெட் கார்டு வாங்கினா அடுத்த பெரிய மேட்ச் போயிடுமா?

பொதுவாக நட்பு ஆட்டத் தண்டனை நட்பு ஆட்டங்களிலேயே கழியும். மேலே சொன்ன சானே, மார்ச் மாத ஆட்டங்கள் இரண்டையும் இழந்தார். யூரோவில் ஆடினார்.

காயம் பட்டா யார் பொறுப்பு? கிளப் பாவம் இல்லையா?

பாவம்தான், ஒத்துக்கொள்கிறேன். 2006 ஜூன் 7, உலகக் கோப்பை தொடங்க இரண்டே நாள். சீனாவுடன் நட்பு ஆட்டத்தில் பிரான்ஸின் சிஸ்ஸே கால் முறிந்து விழுந்தார். 2014 ஜூன் 6 அன்று ஆர்மீனியாவுக்கு எதிராக ஜெர்மனியின் மார்கோ ராய்ஸ் கணுக்காலில் அடிபட்டு, அடுத்த வாரம் தொடங்கிய உலகக் கோப்பையில் ஆட முடியாமல் போனார். அந்த உலகக் கோப்பையை ஜெர்மனி வென்றபோது, வெற்றிக் கோல் அடித்த கோட்ஸே, ராய்ஸின் சட்டையைக் கையில் பிடித்தபடி நின்றார். நட்பு ஆட்டத்தின் விலை என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தச் சட்டைதான் கண்முன் வரும்.

கிளப்பின் பக்கத்து நியாயத்தை உலகுக்கு உரக்கச் சொன்னதும் ஒரு நட்பு ஆட்டக் காயம்தான். 2004 நவம்பரில் புர்கினா ஃபாசோவுக்கு எதிராக ஆடிய மொராக்கோ வீரர் உல்மேர்ஸ் அடிபட்டு மாதக்கணக்கில் ஆடவில்லை. அவருடைய பெல்ஜியக் கிளப்பான ஷார்லுவா ஃபிஃபாவை நீதிமன்றத்துக்கு இழுத்தது. ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளும் பின்னால் நின்றன. 2008-இல் சமரசம் ஆனது. 2012 முதல், நாட்டுக்காக ஆடி 28 நாளுக்கு மேல் ஆட முடியாமல் போகும் வீரருக்காக ஃபிஃபா கிளப்புக்கு இழப்பீடு கொடுக்கிறது. ஒரு வீரருக்கு அதிகபட்சம் 75 லட்சம் யூரோ.

ஒரு நாட்டுக்கு ஃப்ரெண்ட்லி ஆடிட்டு இன்னொரு நாட்டுக்கு மாறலாமா? அது துரோகம் இல்லையா?

மாறலாம். நட்பு ஆட்டம் மட்டும் ஆடினால் வீரர் அந்த நாட்டோடு கட்டப்படுவதில்லை. இன்னொரு நாட்டுக்கு ஆடும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும், அவ்வளவுதான். டியேகோ கோஸ்டா 2013 மார்ச்சில் பிரேசிலுக்கு இரண்டு நட்பு ஆட்டம் ஆடிவிட்டு ஸ்பெயினுக்குப் போனார். டெக்லன் ரைஸ் அயர்லாந்துக்கு மூன்று நட்பு ஆட்டம் ஆடி, 2019-இல் இங்கிலாந்துக்கு மாறினார். இங்கிலாந்துக்கு இரண்டு நட்பு ஆட்டம் ஆடிய ஸாஹா பிறகு ஐவரி கோஸ்ட்டின் வீரர் ஆனார்.

துரோகம் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு நாட்டிலும் வேர் உள்ள 19, 20 வயதுப் பையனுக்கு யோசிக்க அவகாசம் வேண்டாமா? 2020-இல் ஃபிஃபா விதியை இன்னும் தளர்த்தி, 21 வயதுக்கு முன் நட்பு ஆட்டம் அல்லாத போட்டி ஆட்டங்கள் மூன்று வரை ஆடியவர்களுக்கும் சில நிபந்தனைகளோடு வழி திறந்துவிட்டது.

நேஷன்ஸ் லீக் வந்தாச்சே, இனி ஃப்ரெண்ட்லி செத்துப்போச்சுன்னு சொல்லலாமா?

ஐரோப்பாவில் 2018 செப்டம்பரில், நாட்டு அணிகள் பிரிவு பிரிவாகப் புள்ளிக்கு மோதும் நேஷன்ஸ் லீக் தொடங்கியதே, சுவாரஸ்யமில்லாத நட்பு ஆட்டங்களைக் குறைக்கத்தான். ஐரோப்பிய அணிகளுக்கு அது நல்லது. ஆனால் ஒரு கதவு சாத்திக்கொண்டது. ஐரோப்பியர்கள் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொண்டால் மற்ற கண்டத்தவர்கள் யாரோடு ஆடுவார்கள்? 2018 உலகக் கோப்பைக்கும் 2022 உலகக் கோப்பைக்கும் நடுவில் பிரேசில் சந்தித்த ஐரோப்பிய அணி ஒன்றே ஒன்று: 2019 மார்ச்சில் பிராகாவில் செக் குடியரசு. பிறகு கத்தாரில் நடந்த அந்த 2022 உலகக் கோப்பையின் காலிறுதியில் குரோஷியாவிடம் பெனால்டியில் வீழ்ந்தது. இதை அதற்குக் காரணம் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் நான்கு ஆண்டில் ஒரே ஓர் ஐரோப்பிய எதிரி என்பது எந்த அணிக்கும் போதாது.

இந்தக் குறைக்கு ஃபிஃபா கண்ட மருந்து, 2024 மார்ச்சில் தொடங்கிய ஃபிஃபா சீரிஸ். வெவ்வேறு கண்டத்து அணிகளை ஓர் ஊரில் கூட்டி நட்பு ஆட்டம் ஆடவைப்பது. அதில் ஒரு குழு கொழும்பில் ஆடியது: இலங்கை, பூட்டான், பப்புவா நியூ கினி, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு. இந்த நான்கும் ஒரே ஊரில் சந்திக்க வேறு எந்தப் போட்டி இடம் கொடுக்கும்?

மாலத்தீவை ஜெயிச்சுட்டு நம்மாளுங்க குதிக்கிறாங்களே, அதுல என்ன பெருமை?

2025 மார்ச்சில் கிடைத்த அந்த 3-0, இந்தியாவுக்கு 16 மாதங்களுக்குப் பிறகு வந்த வெற்றி. குதித்ததைத் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் ஆறு நாள் கழித்து, அதே ஷில்லாங்கில், ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்றில் வங்கதேசத்தோடு 0-0. கோல் அடிப்பதில் இருந்த பிரச்சினையை அந்த 3-0 மூடி மறைத்துவிட்டது என்பது என் கருத்து.

நமக்குப் பயன்பட்டது கஷ்டமான நட்பு ஆட்டங்கள்தான். 2016 செப்டம்பரில் மும்பையில், தரவரிசையில் நம்மைவிட மேலே இருந்த போர்ட்டோ ரிக்கோவை 4-1 என்று வென்றோம். 2015 மார்ச்சில் 173-ஆம் இடத்தில் கிடந்த அணி 2017 ஜூலையில் 96-க்கு வந்தது. 2018 அக்டோபரில் சீனாவுக்குப் போய் 0-0, டிசம்பரில் ஓமானோடு 0-0. கோலே இல்லாத இரண்டு ஆட்டங்கள், பார்க்கவும் அழகில்லை. ஆனால் நெருக்கடியில் பின்வரிசை கலையாமல் நிற்கப் பழகியது. அடுத்த ஜனவரி 6 அன்று ஆசியக் கோப்பையில் தாய்லாந்தை 4-1 என்று வென்றோம்.

ஃப்ரெண்ட்லில மேட்ச் ஃபிக்ஸிங் ஜாஸ்தின்னு கேள்விப்பட்டேன்?

ஆபத்து உண்டு. தோற்றால் எதுவும் போகாது, பார்ப்பவர்கள் குறைவு, ஏற்பாட்டை இடைத்தரகர்கள் செய்வதும் உண்டு. 2010 செப்டம்பரில் பஹ்ரைன் டோகோவை 3-0 என்று வென்றது. பிறகுதான் தெரிந்தது, டோகோ அப்படி ஓர் அணியை அனுப்பவே இல்லை. வந்தவர்கள் போலி ஆட்கள். 2011 பிப்ரவரியில் துருக்கியின் அன்டால்யாவில் ஒரே நாளில் இரண்டு நட்பு ஆட்டம்: பல்கேரியா-எஸ்டோனியா, லாட்வியா-பொலிவியா. மொத்தம் ஏழு கோல், ஏழும் பெனால்டி. நடுவர்கள் ஆறு பேருக்கும் ஃபிஃபா ஆயுள் தடை விதித்தது.

இதை வைத்து எல்லா நட்பு ஆட்டத்தையும் சந்தேகப்பட வேண்டாம். யார் நடத்துகிறார்கள், நடுவரை யார் நியமித்தார்கள் என்று சங்கங்கள் கவனித்தால் இதில் பாதி நின்றுவிடும்.

அரசியல் காரணத்துக்காக ஆடுற ஃப்ரெண்ட்லி எல்லாம் ஃபுட்பாலா?

சில நாடுகளுக்கு நட்பு ஆட்டம்தான் பிறப்புச் சான்றிதழ். 2012 ஜூலையில், விடுதலை பெற்ற மறு ஆண்டே, தென் சூடான் ஜூபாவில் உகாண்டாவோடு 2-2 என்று தன் முதல் ஆட்டத்தை ஆடியது. கொசோவோ 2014 மார்ச்சில் ஹைட்டியோடு ஆட ஃபிஃபா அனுமதித்தது, ஆனால் கொடி கூடாது, தேசிய கீதம் கூடாது. ஆட்டம் 0-0. இரண்டு ஆண்டில் கொசோவோ ஃபிஃபா உறுப்பினர் ஆனது. கீதம் இல்லாமல் மைதானத்தில் நின்ற அந்த வீரர்களிடம் போய் இது வெறும் ஃப்ரெண்ட்லி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பெரிய ஸ்டார் வர்ற மேட்ச்னா போகலாம். சும்மா இந்தியா ஃப்ரெண்ட்லிக்கு ஸ்டேடியம் வரைக்கும் போகணுமா?

ஸ்டார் ஆட்டத்துக்கும் போங்கள். 2011 செப்டம்பர் 2 அன்று கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் அர்ஜென்டினா-வெனிசுவேலா ஆட்டம் பார்த்தவர்கள், மெஸ்ஸி அர்ஜென்டினாவின் நிரந்தரக் கேப்டனாகப் பொறுப்பேற்ற முதல் ஆட்டத்தைப் பார்த்தவர்கள். அவர் அடித்த கார்னரை ஒட்டமெண்டி தலையால் முட்டி ஒரே கோலைப் போட்டார்.

இந்தியா ஆட்டத்துக்கும் போங்கள். 2018 ஜூன் 1 அன்று மும்பையில், நட்புத் தொடரான இன்டர்கான்டினென்டல் கோப்பையில் சீன தைபே என்ற பெயரில் ஆடும் தைவான் அணியை இந்தியா 5-0 என்று வென்றது. மைதானத்தில் இருந்தவர்கள் 2,569 பேர். மறுநாள் சேத்ரி ஒரு வீடியோவில், திட்ட வேண்டுமானாலும் மைதானத்துக்கு வந்து எங்கள் முகத்தைப் பார்த்துத் திட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஜூன் 4 அன்று கென்யாவுக்கு எதிரான ஆட்டத்துக்கு டிக்கெட் இல்லை, மழை வேறு. நிறைந்த மைதானத்தில் இந்தியா 3-0 என்று வென்றது. அது சேத்ரியின் 100-ஆவது சர்வதேச ஆட்டம்.